கருமந்திக்கு முதலிடம்

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பொருளைத் தனியாகக் காட்டினால் கண் தெரியாது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று இருக்க வேண்டும். அப்போதுதான் பார்ப்பார், எடுத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு ஒன்றை மேலே தூக்கி வைத்து மற்றதைக் கீழே தள்ளுவார். கீழே விழுவது அநேகமாக நம்முடையதாக இருக்கும்.

ஜெகதளா போகிற சாலையில், தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அவர் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். நான் வீட்டிலேயே சாக்லேட் செய்து குன்னூர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவள். புதிதாக ஏதாவது செய்தால் முதல் துண்டு அக்காவுக்குப் போகும். எதிர்வீடு, வயதில் மூத்தவர், கொடுக்காமல் இருக்க முடியாது. வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி," என்பார். அதோடு நிறுத்தினால் என்ன? நிறுத்தமாட்டார். குன்னூரிலேயே பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பெண் செய்கிறாளாம், அது வாயில் போட்டதும் கரையுமாம், என்னுடையதைக் கொஞ்சம் கடிக்க வேண்டியிருக்கிறதாம். அந்த பெட்ஃபோர்டுப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என் எதிரி என்று யாரையாவது சொல்லச் சொன்னால் அவளைத்தான் சொல்வேன்.

அக்கா பக்கத்திலுள்ள வெலிங்டனில் ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். சோப்பு வாங்குவதானாலும் சரி, துடைப்பம் வாங்குவதானாலும் சரி, மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, அருகருகே வைத்துப் பார்த்து, எது தேவலை என்று மேலே எழுதி அனுப்புவது அவர் வேலை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும்போது அந்த வேலையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கேரட்டிலிருந்து டாக்டர் வரைக்கும் அவருக்குக் கொட்டேஷன்தான். இரண்டு மருமகன்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டுவிட்டு, யார் நிதானமாகச் சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள் காதில் விழவே சொல்வார். சின்ன மருமகன் இந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டதாகக் கேள்வி. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

என் மாமியார் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "மேல் ஊட்டு அம்மா ஆறு மாசம் படுக்கையில கெடந்தாங்க. அதுக்கு உங்க மாமியார் எவ்வளவோ தேவலைங்க." எங்கள் வீடு அவரிடம் முதலிடம் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

இப்படிப்பட்டவர் வீட்டுக் கொல்லையில் கடவுள் இரண்டு வகைக் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்?

ஒன்று நாட்டுக்குரங்கு. செந்நிற முகம், தலையில் நடுவகிடு எடுத்து வாரியது போன்ற மயிர். எங்கள் பகுதியில் யாரும் அதை அறிமுகப்படுத்திவைக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிக்கும். கேபிள் ஒயரில் ஊஞ்சலாடும். பந்தலில் மேரக்காய் என்கிற சௌசௌ பிஞ்சாக இருக்கும்போதே பறித்து, ஒரு கடி கடித்துவிட்டு எறியும். கன்னத்துக்குள் பை இருப்பதால் திருடியதை அடைத்துக்கொண்டு கூரையில் உட்கார்ந்து, நம்மைப் பார்த்துக்கொண்டே சாவகாசமாகத் தின்னும். ஆறவைத்த என் சாக்லேட் தட்டை ஒருமுறை தூக்கிக்கொண்டு போனது. தட்டு மட்டும் தேயிலைக்குள் கிடைத்தது.

இன்னொன்று கருமந்தி. உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு, முகத்தைச் சுற்றி மட்டும் பழுப்பு மயிர், நீளமான வால். சோலைக்குள் உயரமான மரங்களில் இருக்கும். காலையில் மூடுபனிக்குள்ளிருந்து அதன் குரல் கேட்கும். ஆளைக் கண்டால் இலைகளுக்குப் பின்னால் போய்விடும். தின்பது தளிரும் இலையும்.

அக்கா இந்த இரண்டையும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கருமந்தி வீட்டுக்குள் வராது, இது வருகிறது. கருமந்தி பல்லைக் காட்டாது, இது காட்டுகிறது. கருமந்தி பெரிய இடத்துப் பிள்ளை, இது பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தது. துணி காயப்போடும்போதும் அதே பேச்சு, பால் வாங்கும்போதும் அதே பேச்சு. "ரெண்டும் ஒரே சாதிதான், பாருங்க அம்மிணி, எப்படி வளந்திருக்குது," என்று என் மகனைப் பார்த்துக்கொண்டே சொல்வார். என் மகன் அன்றைக்குப் படிக்காமல் கிரிக்கெட் ஆடியிருப்பான்.

சனிக்கிழமைதான் அவருக்கு ரத்தம் கொதிக்கும் நாள். கீழே உள்ள ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிறவர்கள் வாழைப்பழமும் வடையும் வாங்கி வந்து குரங்குகளுக்குக் கொடுப்பார்கள். நாட்டுக்குரங்குகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கொடுக்காதவர்களின் பையைப் பிடுங்கும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்று, ரவுடிக்குப் படையல் போடுகிறார்கள், ஒன்றும் கேட்காமல் மரத்தில் இருக்கிற மந்திக்கு ஒரு பழம் கொடுக்க ஆளில்லை என்று புலம்புவார். மந்திக்குப் பழம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அக்காவோடு பேச்சு கொடுத்தால் அது சாக்லேட்டில் வந்து முடியும் என்ற பயம்.

ஒருநாள் தெருவே சேர்ந்து, கூண்டு வைத்து நாட்டுக்குரங்குகளைப் பிடித்துப் போகும்படி வனத்துறையில் சொன்னோம். முன்னால் நின்றது அக்காதான். விசாரிக்க ஓர் இளம் வனவர் வந்தார், கூடலூர்ப் பக்கத்துப் பெண். அக்கா அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, இரண்டு குரங்குகளைப் பற்றியும் தன் ஒப்பீட்டை முழுவதுமாகச் சொன்னார். வனவர் பொறுமையாகக் கேட்டார். கூண்டு வரும், கொஞ்சம் நாளாகும் என்றார். பிறகு, போகிற போக்கில், அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நிலைமைன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். வனவர் விளக்கினார். கருமந்தி இந்த மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் லேகியத்துக்கென்று சுட்டுத் தீர்த்தார்கள். சட்டம் வந்த பிறகு மெல்ல மீண்டது, ஆனால் சோலைகள் துண்டு துண்டாகிவிட்டன. நாட்டுக்குரங்கும் தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் இல்லை. நம் கூரை மேல் நிற்பதால் நிறைய இருப்பதுபோலத் தெரிகிறது. சாலையோர மரங்கள் போனதில் எத்தனையோ ஊர்களில் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போய்விட்டது. வடக்கேயிருந்து வேறோர் இனக் குரங்கு இறங்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. உலக அளவில் அழிவை நோக்கிப் போகும் உயிர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் இரண்டுக்கும் ஒரே தரம்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அலுவலகத்தில் அவர் எழுதி அனுப்பியதை யாரும் திருப்பி அனுப்பியதே இல்லையாம். "எந்தக் கிறுக்கன் போட்ட தரமுங்க அது? திருடனையும் யோக்கியனையும் ஒரே பெஞ்சில உக்காத்தி வெப்பீங்களா?" வனவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

அதன் பிறகு ஒரு வாரம் அக்கா என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று, ஒரே தரமாம், ஒரே தரமாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள், இருக்கட்டும் அக்கா, அதற்கென்ன இப்போது என்று கொஞ்சம் வெடுக்கென்று கேட்டேன். அரசாங்கம் மரியாதை கொடுக்காவிட்டால் போகட்டும், நான் கொடுக்கிறேன் என்றார். அது வெறும் கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன்.

என் ஜன்னலிலிருந்து தெரிகிற அக்கா வீட்டுக் கொல்லைச் சுவருக்கு மேல் சோலையின் ஒரு கிளை நீண்டிருக்கும். அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் அக்கா வாழைப்பழம், வேர்க்கடலை, பேக்கரி வர்க்கி எல்லாம் வைத்தார். கருமந்திகள் இறங்கவில்லை. நாட்டுக்குரங்குகள் வந்து வாரிக்கொண்டு போயின. அக்கா குச்சியை எடுத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். தினமும் நாட்டுக்குரங்கை விரட்டுவதும் கருமந்தியைக் கூப்பிடுவதும். மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு அக்கா இதெல்லாம், அது பாட்டுக்கு மரத்தில் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொறுமை குறைவு, மேல் வீட்டார் அப்படியில்லை என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒன்று இறங்கி வந்தது. பெண் மந்தி, வால் நுனி முறிந்து கோணலாக இருக்கும். வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வர்க்கியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நுனியைக் கடித்தது. அக்கா என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மகள்களின் கல்யாணத்தில்கூட இல்லை என்று அவரே பிறகு ஒப்பிட்டுச் சொன்னார்.

பனிக்காலத்தில் கூட்டம் முழுவதும் இறங்கியது. முதலில் சுவர், பிறகு கூரை, பிறகு என் கூரை. கருமந்தி நாட்டுக்குரங்கைவிடக் கனமானது. தகரத்தில் குதித்தால் வீடே அதிரும். என் மகன் கையிலிருந்த பன்னை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. அக்காவிடம் சொன்னேன். வாங்கிக்கொண்டதுதானே, பிடுங்கவில்லையே, அதுதான் வித்தியாசம் என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஒரு வழியாகக் கூண்டும் வந்தது. நாட்டுக்குரங்குகளுக்காக அக்கா போராடி வாங்கிய கூண்டு. அவர் வீட்டுக் கொல்லையிலேயே வைத்தார்கள். உள்ளே ஒரு வாழைத்தாரின் சீப்பைத் தொங்கவிட்டு, அதை இழுத்தால் கதவு விழுகிறமாதிரி ஏற்பாடு. பழத்தை அக்காவே வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். கதவு விழுந்திருந்தது. உள்ளே வால் நுனி முறிந்த கருமந்தி, மார்போடு குட்டியை இறுக்கிக்கொண்டு. கூண்டின் மேல் நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்து, கம்பிக்குள் கையைவிட்டு, பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக் கூண்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. பழம் வைத்த கையை நம்பியது கருமந்திதான்.

அக்கா கதவைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. வனவர் வரும்வரை கூண்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வனவர் வந்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தூக்கினார். திறந்த வேகத்துக்கு அது சோலைக்குள் பாய்ந்து மறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது வெளியே வந்தது. சுவரில் ஏறியது. அக்கா வீட்டுக் கூரையில், நாட்டுக்குரங்குகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீழே நின்ற அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது.

வனவர் மெதுவாகச் சொன்னார், திட்டவில்லை. இது இலை தின்கிற வயிறு, இனிப்பும் மாவும் இதற்கு நோயைத்தான் கொடுக்கும். கூரைக்கு வந்தது நாளைக்கு ரோட்டுக்கும் போகும். கோடை சீசனில் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டும்போது சிப்ஸுக்குக் கை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்கும். கரண்டுக் கம்பியில் கை வைக்கும். நாட்டுக்குரங்குக்கு இதெல்லாம் பழக்கம், அதுவே அடிபட்டுச் சாகிறது. "நீங்க பழக்குனதை நீங்கதாம்மா மாத்தணும். சீசனுக்குள்ள இதுங்க மரத்துக்குத் திரும்பலைன்னா இந்தக் கூட்டம் மிஞ்சாது."

எது நல்லது, எது கெட்டது என்று அக்கா எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய எவர்சில்வர் தட்டையும் குழம்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து எங்கள் தெருவுக்கு நிம்மதி போனது. விடிந்தால் டங் டங். மந்தி வந்தாலும் தட்டுவார், குரங்கு வந்தாலும் தட்டுவார். பால் காய்ச்சும்போது டங் டங், நான் சாக்லேட்டை அச்சில் ஊற்றும்போது டங் டங். கை நடுங்கி எத்தனை அச்சுகள் கெட்டன. மேல் வீட்டுக்காரர் நேரில் வந்து கேட்டுவிட்டார், குரங்கே தேவலையே என்று. அந்த ஒப்பீட்டையும் அக்கா கேட்டுக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். நாட்டுக்குரங்குகள் முதலில் ஓடின. வால் முறிந்தவள் ஓடவில்லை. சுவரில் உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தாள். அக்கா வாளித் தண்ணீரை எடுத்து அவள் மேல் வீசினார். மறுபடி தட்டினார். அழுதுகொண்டே தட்டினார். அவர் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் காலை முதல் டங் கேட்டதும் திரும்பி வந்துவிட்டது.

சீசனுக்கு முன்பு கூட்டம் மெல்ல மேலே ஏறியது. ஒன்று மட்டும் கம்பியில் அடிபட்டு, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கிடந்தது. நான்தான் போய் அக்காவிடம் சொன்னேன். வால் முறிந்தவள் இல்லை, வேறொன்று என்று சொல்ல வாயெடுத்தேன், ஆறுதலாக இருக்குமே என்று. அவர் எது என்றே கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் பரவாயில்லை, இதைவிட அது தேவலை என்று எதுவும் வரவில்லை. "போயிருச்சுங்களா," என்றார். கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வருடம் அக்கா திருப்பூருக்குப் பெரிய மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முழங்காலுக்கு இந்த மேடு பள்ளம் ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்புகிற அன்று நான் பாதாம் வைத்துச் செய்த சாக்லேட்டைக் கொண்டுபோனேன். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வழக்கம்போல நின்றேன்.

"நல்லா இருக்குது அம்மிணி."

காத்திருந்தேன். மேலே ஒன்றும் வரவில்லை. பெட்ஃபோர்டுப் பெண் செய்வதைவிடவா என்று நானே கேட்டேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்றார். எத்தனை வருடம் அந்தப் பேச்சு நின்றால் போதும் என்று இருந்தேன், நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னுடையதைக் கடிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வண்டியில் ஏறப்போனவர் திரும்பிவந்து, சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த தட்டையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தார். தட்டு அடிவாங்கி அடிவாங்கி நடுவில் குழிந்திருந்தது.

"செவுத்துக்கு வந்துச்சுன்னா தட்டோணும் அம்மிணி. எதுன்னு பாக்காதீங்க."

ஆகட்டும் என்று வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? இப்போது தெருவில் எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள், மேல் வீட்டுக்காரர் உட்பட. எதுவென்று பார்க்காமல் தட்ட என்னால் முடியவில்லை, அந்த அம்மாவோடு இத்தனை வருடம் எதிர்வீட்டில் இருந்த பாவம். நாட்டுக்குரங்கு வந்தால் தட்டுகிறேன். கருமந்தி என்றால் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுகிறேன்.